எந்திரத்துக்கு விளையாடக் கற்றுக்கொடுக்க நினைத்த மேதை

இரும்பாலும் பித்தளையாலும் ஆன ஓர் எந்திரம். அது மனிதனுக்கு எதிரே நின்று விளையாட வேண்டும். எந்தக் கட்டத்தில் காய் வைப்பது என்று அதுவே முடிவு செய்ய வேண்டும். முடிந்தால் மனிதனை ஜெயிக்கவும் வேண்டும்!

வீடுகளில் மின்சார விளக்கு எரியாத காலத்தில் ஒருவர் இப்படிக் கனவு கண்டார். அவர் பெயர் சார்லஸ் பாபேஜ். கம்ப்யூட்டரின் தந்தை என்று உலகம் அவரைப் போற்றுகிறது. ஆனால் அவர் உயிரோடு இருந்தவரையில், தாம் திட்டமிட்ட பெரிய எந்திரங்களில் ஒன்றைக்கூட முழுதாகச் செய்து பார்க்கவில்லை. ஊரார் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அரசாங்கம் கையை விரித்தது.

அப்படிப்பட்டவரின் பெயர் எப்படி அழியாமல் நின்றது?

பொம்மையை உடைத்த சிறுவன்

பாபேஜ் 1791-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி லண்டனில் பிறந்தார். தகப்பனார் பெஞ்சமின் பாபேஜ் பணக்காரர், பாங்கி நடத்தியவர்.

சிறுவன் சார்லசுக்குப் புதிய பொம்மை வாங்கிக் கொடுத்தால், அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்பான். பதில் சரியாக இல்லாவிட்டால் பொம்மையை உடைத்துப் பார்த்துவிடுவான்!

பேய் என்று ஒன்று உண்டா என்பதைக்கூட அவன் பரிட்சை செய்து பார்த்தான். பரண் அறையில் தன் ரத்தத்தால் தரையில் வட்டம் போட்டு, அதன் நடுவில் நின்று பேயைக் கூப்பிட்டான். பேய் வரவில்லை. ஆற்று நீரின் மேல் நடப்பதற்குப் பலகைச் செருப்பு செய்து, அதைக் காலில் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினான். கவிழ்ந்துபோய், உயிர் தப்பியதே பெரிய காரியம் ஆயிற்று.

ஒருநாள் தாயார் அவனை மெர்லின் என்ற கைவினைஞரின் எந்திரப் பொம்மைக் காட்சிக்கு அழைத்துப் போனார். பையனின் ஆர்வத்தைக் கண்ட மெர்லின், தன் பட்டறைக்கே கூட்டிச் சென்றார். அங்கே ஒரு வெள்ளிப் பதுமை இருந்தது. அது ஒரு நாட்டியக்காரி. அவள் விரலில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. சாவி கொடுத்தால் அவள் ஆடுவாள். பறவை வாலை ஆட்டிச் சிறகடிக்கும். சார்லஸ் சொக்கிப்போனான்.

அந்த ஆசை அவரை விடவே இல்லை. பல ஆண்டுகள் கழித்து, 1834-ல், அதே பதுமை ஏலத்துக்கு வந்தது. பாபேஜ் 35 பவுன் கொடுத்து வாங்கினார். தாமே பழுது பார்த்துத் தம் வீட்டுக் கூடத்தில் வைத்தார்.

விடியற்காலைப் படிப்பு

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கணக்குப் பாடத்தின் மேல் சார்லசுக்கு அடங்காத ஆசை. இன்னொரு மாணவனோடு சேர்ந்து, விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து, யாருக்கும் தெரியாமல் கணக்குப் போட்டான். 1810-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, ஆசிரியர்களைவிடத் தனக்கு அதிகம் தெரிந்திருப்பதைக் கண்டு ஏமாந்துபோனான்.

1814-ல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் ஜார்ஜியானா என்ற பெண்ணை மணந்தார். தகப்பனாருக்கு அந்தக் கலியாணத்தில் சம்மதம் இல்லை. ஆனாலும் தம்பதிகள் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள். எட்டுக் குழந்தைகள் பிறந்தன.

பிழை மலிந்த புத்தகங்கள்

அந்தக் காலத்தில் கப்பல் ஓட்டுகிறவர்களுக்கும், வான சாஸ்திரிகளுக்கும் கணக்கு அட்டவணைப் புத்தகங்கள்தான் கண். நம் பள்ளிப் பிள்ளைகள் பார்க்கும் வாய்ப்பாடு போன்றவை அவை. ஆனால் பக்கம் பக்கமாக, பெரிய பெரிய எண்கள் இருக்கும்.

இந்த எண்களைப் போடுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். 'கம்ப்யூட்டர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அன்று எந்திரம் என்று பொருள் இல்லை. கணக்குப் போடும் ஆளுக்குத்தான் அந்தப் பெயர்!

மனிதன் கணக்குப் போட்டால் தவறு வரும். அதைப் பிரதி எடுப்பவன் இன்னொரு தவறு செய்வான். அச்சுக் கோப்பவன் மூன்றாவது தவறு செய்வான். நடுக்கடலில் கப்பல் இருக்கும் இடத்தைத் தப்பாகக் கணித்தால் என்ன ஆகும்? கப்பல் பாறையில் மோதும்.

1821-ல் ஒருநாள், பாபேஜும் அவர் நண்பர் ஜான் ஹெர்ஷெலும் இப்படிப்பட்ட எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் தனித்தனியாகப் போட்ட கணக்கு. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஆனால் எங்கு பார்த்தாலும் தவறு! பாபேஜுக்கு எரிச்சல் வந்தது. இந்த வேலையை நீராவி எந்திரம் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தார். அந்த ஒரு நினைப்பு அவர் வாழ்நாள் முழுவதையும் விழுங்கிவிட்டது.

கூட்டல் தெரிந்தால் போதும்

எந்திரத்தால் பெரிய கணக்குகளை எப்படிப் போட முடியும்? அதற்கு ஓர் எளிய வழி இருந்தது.

1, 4, 9, 16, 25 என்ற எண்களைப் பாருங்கள். இவை 1, 2, 3, 4, 5 என்ற எண்களை அதே எண்ணால் பெருக்கி வந்தவை. ஒவ்வொன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் 3, 5, 7, 9. அந்த வித்தியாசங்களுக்குள் உள்ள வித்தியாசம் எப்போதும் 2.

ஆகவே பெருக்கவே வேண்டாம். 9-உடன் 2-ஐக் கூட்டினால் 11. 25-உடன் 11-ஐக் கூட்டினால் 36. அதுதான் ஆறாவது எண்! கூட்டல் மட்டும் தெரிந்த எந்திரம்கூட இப்படி எத்தனையோ அட்டவணைகளைப் போட்டுவிடும். பற்சக்கரங்கள் சுழன்றால் கூட்டல் நடக்கும். விடையை எந்திரமே அச்சு வார்க்கும். மனிதன் கை படவே படாது.

இதுதான் பாபேஜின் 'வித்தியாச எந்திரம்'. 1822-ல் சிறு மாதிரி ஒன்றைச் செய்து காட்டினார். மறு ஆண்டே பிரிட்டிஷ் அரசாங்கம் பண உதவி கொடுக்க முன்வந்தது. ஜோசப் கிளமெண்ட் என்ற கெட்டிக்காரத் தொழில் நிபுணர் வேலையை ஏற்றுக்கொண்டார்.

ஒரே ஆண்டில் இத்தனை சாவா?

1827-ம் ஆண்டு பாபேஜின் குடும்பத்தில் இடி விழுந்தது. முதலில் தகப்பனார் இறந்தார். பிறகு சார்லஸ் என்ற மகன் இறந்தான். பிறகு மனைவி ஜார்ஜியானா கண் மூடினார். அப்போது பிறந்திருந்த பச்சைக் குழந்தையும் போய்விட்டது.

பாபேஜ் உடைந்துபோனார். மனம் தேற, ஐரோப்பிய நாடுகளில் ஊர் ஊராகச் சுற்றினார். அவர் வெளிநாட்டில் இருந்தபோதுதான், 1828-ல், கேம்பிரிட்ஜில் ஒரு காலத்தில் நியூட்டன் வகித்த கணிதப் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. தகப்பனார் விட்டுச் சென்ற சொத்தும் சுமார் 1 லட்சம் பவுன். பணமும் பதவியும் இருந்தன. பகிர்ந்துகொள்ளத்தான் மனைவி இல்லை. பாபேஜ் மறுமணம் செய்துகொள்ளவில்லை. எந்திரமே கதி என்று ஆனார்.

கரைந்த பணம்

எந்திரத்துக்குச் சுமார் 25,000 உறுப்புகள் தேவை. ஒவ்வொன்றும் மயிரிழை பிசகாமல் இருக்க வேண்டும். ஆண்டுகள் ஓடின. 1832-ல், ஏழில் ஒரு பங்கு அளவுள்ள பகுதியை மட்டும் பூட்டிக் காட்டினார்கள். அது அழகாக வேலை செய்தது. ஆனால் மறு ஆண்டு பாபேஜுக்கும் கிளமெண்டுக்கும் பணத்தகராறு முற்றியது. கிளமெண்ட் ஆட்களை நிறுத்திவிட்டார். வேலை நின்றது.

அதற்குள் அரசாங்கம் செலவழித்தது சுமார் 17,000 பவுன். 1831-ல் ஒரு ரெயில் எஞ்சினின் விலை 784 பவுன்தான். அதாவது, இருபது ரெயில் எஞ்சினுக்கு மேல் வாங்கக்கூடிய பணம் போயிற்று. முழு எந்திரம் வரவில்லை.

அரைகுறையாக நின்ற அந்த எந்திரத்தைப் பாபேஜ் தம் வீட்டில் வைத்தார். சனிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் பெரிய விருந்து நடக்கும். டார்வின், டிக்கன்ஸ் போன்றவர்கள் வருவார்கள். ஓர் அறையில் வெள்ளிப் பதுமை ஆடும். அடுத்த அறையில் கணக்கு எந்திரம் நிற்கும். ஒருநாள் ஆங்கிலேய விருந்தாளிகள் பதுமையைச் சுற்றிக் கூடி நின்றார்கள். எந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களோ வெளிநாட்டார்! அதைப் பார்த்துப் பாபேஜின் மனம் சுருங்கியது.

தறி காட்டிய வழி

வேறு ஒருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். பாபேஜோ 1834-ல் அதைவிடப் பெரிய எந்திரம் ஒன்றை மனத்தில் கட்டத் தொடங்கினார்.

வித்தியாச எந்திரம் ஒரே வேலையைத்தான் செய்யும். புதிய எந்திரமோ, சொன்ன வேலையைச் செய்யும். இன்றைக்கு ஒரு கணக்கு. நாளைக்கு வேறு கணக்கு. எந்திரத்தை மாற்ற வேண்டாம். கட்டளையை மாற்றினால் போதும்.

கட்டளையை எந்திரத்துக்கு எப்படிச் சொல்வது? பிரான்ஸ் நாட்டு ஜக்கார்டு தறி வழி காட்டியது. அந்தத் தறியில் துளையிட்ட அட்டைகளைக் கோத்துத் தொங்கவிடுவார்கள். துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே போகும். துளை இல்லாத இடத்தில் நிற்கும். அதன்படி நூல் ஏறி இறங்கிப் பூவேலை விழும். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர்களும் அறிந்த ஜக்கார்டு இதுதான். ஜக்கார்டின் உருவத்தையே 24,000 அட்டைகளைக்கொண்டு பட்டில் நெய்திருந்தார்கள். அதில் ஒன்றை வாங்கி, பாபேஜ் தம் வீட்டில் மாட்டியிருந்தார்.

அட்டை தறிக்குப் பூவைச் சொல்லுமானால், எந்திரத்துக்குக் கணக்கைச் சொல்லாதா?

புதிய எந்திரத்தில் எண்களைச் சேர்த்துவைக்க ஒரு 'களஞ்சியம்'. கணக்குப் போட ஓர் 'ஆலை'. கட்டளைக்கு அட்டைகள். விடைக்கு அச்சு. இன்னொரு அதிசயமும் இருந்தது. விடை இப்படி வந்தால் இந்த வழியே போ, அப்படி வந்தால் அந்த வழியே போ என்றும் அதற்குக் கட்டளை இடலாம். தேவைப்பட்டால் அட்டைகளைப் பின்னுக்குத் திருப்பி, செய்த வேலையைத் திரும்பவும் செய்யவைக்கலாம். எந்திரம் தன் பாதையைத் தானே பார்த்து மாற்றிக்கொள்ளும்!

இதற்கு 'பகுப்பாய்வு எந்திரம்' என்று பெயர். இன்றைய கம்ப்யூட்டரின் எலும்புக்கூடு முழுவதும் அதில் இருந்தது.

கவிஞரின் மகள்

இதை அன்று புரிந்துகொண்டவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவர் அடா. இவர் பைரன் என்ற புகழ்பெற்ற கவிஞரின் மகள். 1833-ல், 17 வயதில், பாபேஜின் எந்திரத்தை முதன்முதலாகப் பார்த்தார். கணக்கில் புலி.

மெனப்ரேயா என்ற இத்தாலியர் 1842-ல் பாபேஜின் புதிய எந்திரத்தைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். அடா அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதோடு, கட்டுரையைவிடப் பெரிதாகத் தம் குறிப்புகளையும் சேர்த்து 1843-ல் வெளியிட்டார். ஒரு கடினமான கணக்கை எந்திரம் படிப்படியாக எப்படிப் போட வேண்டும் என்று அதில் அட்டவணை போட்டுக் காட்டினார். எண்களை மட்டும் அல்ல, சங்கீதத்தையும் அந்த எந்திரம் கையாளக்கூடும் என்றார். பாவம், 1852-ல், 36 வயதிலேயே அடா இறந்துபோனார்.

கை விரித்தார் மந்திரி

1842-ல் பிரதம மந்திரி ராபர்ட் பீல், இனி ஒரு காசும் கிடையாது என்று முடிவு செய்தார். அரசாங்க வான சாஸ்திரி ஜார்ஜ் ஏரி, அந்த எந்திரத்தால் பயன் இல்லை என்று யோசனை கூறியிருந்தார். பாபேஜ் நேரில் போய் வாதாடினார். கோபத்தோடு பேசினார். காரியம் கெட்டதுதான் மிச்சம்.

எந்திரம் செய்யப் பணம் வேண்டும். யார் கொடுப்பார்? பாபேஜ் யோசித்தார். பொம்மை ஆட்டத்தைப் பார்க்க ஜனங்கள் காசு கொடுக்கிறார்களே! விளையாடும் எந்திரம் ஒன்று செய்து காட்சி வைத்தால் என்ன?

ஒன்பது கட்டம்

எந்திரம் விளையாடுமா என்று பாபேஜ் பலரைக் கேட்டார். முடியவே முடியாது என்றார்கள். விளையாட்டுக்குப் புத்தி வேண்டும். எந்திரத்துக்குப் புத்தி ஏது என்றார்கள். பாபேஜ் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

சிறுவர்கள் விளையாடும் ஓர் எளிய ஆட்டத்தை எடுத்துக்கொண்டார். வரிசைக்கு மூன்றாக ஒன்பது கட்டம். ஒருவர் வட்டம் போடுவார். மற்றவர் பெருக்கல் குறி போடுவார். யாருடைய குறி மூன்று ஒரே வரிசையில் விழுகிறதோ, அவருக்கு ஜெயம்.

விளையாடுகிறவன் மனத்தில் என்ன ஓடுகிறது என்பதைப் பாபேஜ் கேள்விகளாகப் பிரித்தார். கட்டங்கள் இப்போது இருக்கும் நிலை விதிப்படி சரியா? ஆட்டம் ஏற்கெனவே தோற்றுவிட்டதா? ஜெயித்துவிட்டதா? இல்லை என்றால், அடுத்த ஒரே ஆட்டத்தில் ஜெயிக்க முடியுமா? முடிந்தால் அங்கே வை. முடியாவிட்டால், எதிரி அடுத்த ஆட்டத்தில் ஜெயித்துவிடுவானா? அப்படியானால் அவன் வழியை அடை. அதுவும் இல்லை என்றால், இரண்டு பக்கமும் ஜெயிக்க வழி திறக்கும் கட்டம் எது என்று பார்.

அவ்வளவுதான்! ஒவ்வொரு கேள்விக்கும் ஆம் அல்லது இல்லை என்பதே பதில். அந்தப் பதிலுக்கு ஏற்றபடி அடுத்த கேள்வி. இதற்குப் பற்சக்கரமே போதும்.

ஒரு சிக்கல் வந்தது. இரண்டு கட்டங்கள் சமமாக நல்லவையாக இருந்தால், எந்திரம் எதைத் தேர்ந்தெடுக்கும்? பாபேஜ் தந்திரம் செய்தார். எந்திரம் அதுவரை ஜெயித்த ஆட்டங்களை எண்ணிக்கொண்டே வரும். அந்த எண் இரட்டைப்படை என்றால் முதல் கட்டம். ஒற்றைப்படை என்றால் இரண்டாவது கட்டம். மூன்று வழிகள் இருந்தால், மூன்றால் வகுத்து வரும் மீதியைப் பார்க்கும். வெளியே நிற்கிறவனுக்கு, எந்திரம் மனம்போல விளையாடுவதாகவே தோன்றும்!

ஜனங்களைக் கவர அலங்காரமும் திட்டமிட்டார். எந்திரத்தின் மேல் இரண்டு குழந்தைப் பொம்மைகள். ஒன்றின் அருகே ஆட்டுக்குட்டி. மற்றதன் அருகே சேவல். ஜெயித்த குழந்தை கை தட்டும், சேவல் கூவும். தோற்ற குழந்தை கையைப் பிசைந்து அழும், ஆட்டுக்குட்டி கத்தும்.

ஆனால் காட்சி நடத்துகிறவர்களை விசாரித்தபோது பாபேஜின் ஆசை அடங்கியது. எந்திரக் காட்சிகள் எல்லாம் நஷ்டம் என்று தெரிந்தது. அப்போது பணம் குவித்தது 'டாம் தம்ப்' என்ற குள்ள மனிதரின் காட்சி ஒன்றுதான்! பணம் சேர்வதற்குள் தம் ஆயுள் போய்விடும் என்று பாபேஜ் கணக்குப் போட்டார். விளையாட்டு எந்திரமும் கனவாகவே நின்றது. 1864-ல் வெளியிட்ட தம் வாழ்க்கை நினைவுப் புத்தகத்தில் அந்தக் கனவை எழுதி வைத்தார்.

தெருச் சத்தம்

தோல்விகள் அவர் சுபாவத்தைக் கடுகடுப்பாக்கிவிட்டன. தெருவில் வாத்தியம் வாசிப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. 80 நாட்களில் 165 தடவை சத்தத் தொல்லை என்று குறித்து வைத்தார். தம் உழைப்பில் நாலில் ஒரு பங்கு இதனால் பாழானதாகச் சொன்னார். 1864-ல் தெரு வாத்தியத்துக்கு எதிராகச் சட்டமே வந்தது. அவ்வளவுதான், ஆட்கள் வேண்டுமென்றே அவர் வீட்டு வாசலில் வந்து ஊதினார்கள். தெருவில் போனால் கூட்டம் பின்னால் வந்து கேலி செய்தது.

1871-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி, 79-வது வயதில் பாபேஜ் இறந்தார். லண்டன் கென்சல் கிரீன் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தார்கள்.

மகன் செய்த காரியம்

பாபேஜின் மகன் ஹென்றி, இந்தியாவில் ராணுவ அதிகாரியாக இருந்தவர். ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகு, தகப்பனாரின் கனவைக் கையில் எடுத்தார். பகுப்பாய்வு எந்திரத்தின் ஆலைப் பகுதியைச் செய்யவைத்தார். 1910-ல் அது கணக்குப் போட்டு அச்சிட்டது; விடையில் சில பிழைகள் இருந்தன என்றாலும், எந்திரம் ஓடியது. வித்தியாச எந்திரத்தின் சில உறுப்புகளை ஹென்றி பல இடங்களுக்கு அனுப்பியிருந்தார். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போன உறுப்பை ஹோவர்டு ஐக்கன் பார்த்தார். 1944-ல் பெரிய கணக்கு எந்திரத்தை அங்கே அமைத்தவர் அவர்தான்.

பாபேஜ் 1847 முதல் 1849 வரை, இன்னும் எளிதான வித்தியாச எந்திரம் ஒன்றுக்குப் படம் வரைந்திருந்தார். லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையார் அந்தப் படங்களை எடுத்து, அவர் காலத்துப் பட்டறையில் முடிந்த அளவு நுட்பத்தோடு மட்டும் உறுப்புகளைச் செய்தார்கள். 1991-ல், அவர் பிறந்த 200-வது ஆண்டில், கைப்பிடியைச் சுற்றினார்கள். 31 இலக்க விடை பிழை இல்லாமல் வந்தது! அவர் போட்ட திட்டம் சரியானது என்று உலகம் ஒப்புக்கொண்டது.

பள்ளிப் பையில் ஒரு கனவு

அதற்கு இடையில் கணக்கு எந்திரம் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிட்டது. 1996-ல் அமெரிக்காவில் 'டி.ஐ.-83' என்ற கால்குலேட்டர் வந்தது. கணக்குப் பாடத்துக்கு வரைபடம் போட்டுக் காட்டுவதற்காக மாணவர்கள் வாங்கியது அது. அதன் திரையில் குறுக்கே 96 புள்ளி. நெடுக்கே 64 புள்ளி. உள்ளே 'இசட்-80' என்ற சில்லு.

மாணவர்கள் அதில் கணக்கு மட்டுமா போட்டார்கள்? விளையாட்டும் எழுதினார்கள்! சில்லுக்கு நேரடியாகக் கட்டளை இடும் 'அசெம்பிளி' மொழியைக் கற்றுக்கொண்டு எழுதினார்கள்.

எட்டுப் புள்ளிக்கு எட்டுப் புள்ளி ஒரு கட்டம் என்று வைத்தால், அந்தத் திரையில் குறுக்கே 12, நெடுக்கே 8, ஆக 96 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண். 0 என்றால் தரை. 1 என்றால் சுவர். 2 என்றால் புதையல். அந்த 96 எண்கள்தான் விளையாட்டின் ஊர். பொத்தானை அமுக்கினால், போக வேண்டிய கட்டத்தின் எண் என்ன என்று சில்லு பார்க்கும். சுவரா? நில். தரையா? நட. புதையலா? எடுத்துக்கொள்.

எண்களை வைக்க ஒரு களஞ்சியம். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆலை. ஆம் என்றால் ஒரு வழி, இல்லை என்றால் வேறு வழி. ஒன்பது கட்டத்துக்குப் பாபேஜ் வகுத்த முறைதான் 96 கட்டத்துக்கும் போதுமானதாக இருந்தது.

கணக்கு எந்திரம் செய்யப் பணம் தேடி, விளையாட்டு எந்திரம் செய்ய நினைத்தார் பாபேஜ். இரண்டும் கைகூடாமல் கண் மூடினார். பிற்காலத்துச் சிறுவர்களுக்கோ, பள்ளிப் பையிலேயே கணக்கு எந்திரம் கிடைத்தது. அதிலேயே அவர்கள் விளையாட்டையும் செய்துகொண்டார்கள்.

பொம்மையின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்ட அந்தச் சிறுவன் இன்று இருந்திருந்தால், கால்குலேட்டரை முதலில் திறந்து பார்த்திருப்பான். பிறகுதான் விளையாட உட்கார்ந்திருப்பான்!